படத்துக்குப் போடும் கண்ணாடியில் பெயர் பொறிப்பது எப்படி?

பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடம் வாங்கினால் கழுத்துக்குக் கீழே பெயர் வெட்டித் தருவார்கள், பார்த்திருப்பீர்கள். மெஷின் டர்ர்ரென்று ஓடும். இரண்டு நிமிடத்தில் புள்ளி புள்ளியாக 'அன்பளிப்பு, தாய்மாமன்' என்று எழுத்து விழுந்துவிடும். எங்கள் அத்தை மாமாவின் மணிவிழாவுக்கு அவர்களுடைய பழைய கல்யாணப் படத்தைப் பெரிதாக்கி ஃப்ரேம் போடக் கொடுத்தபோது, அந்தக் கண்ணாடியிலும் இப்படி ஒரு எழுத்து இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. நேராகப் பாத்திரக் கடைக்குத்தான் போனேன். "கண்ணாடிய இதுல வெச்சா ஒரே தட்டுல விரிசல் விட்டுரும், எடுத்துட்டுப் போங்க" என்று அண்ணாச்சி திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது சரி. அந்த மெஷினின் ஊசி உலோகத்தைக் கொத்துகிறது. 2 எம்.எம். கண்ணாடி கொத்து தாங்காது.

கண்ணாடியில் எழுத்து விழ மூன்று வழிகள் உண்டு. எட்சிங் க்ரீமைத் தடவி மேல்பரப்பை அரிக்கவிடுவது ஒன்று. வைரத்தூள் பதித்த சின்ன முனையைச் சுழலவிட்டுக் கையால் கீறுவது இன்னொன்று. மூன்றாவது, காற்றழுத்தத்தில் பொடியை அடித்துச் சொரசொரப்பாக்கும் சேண்ட் பிளாஸ்டிங். புதிதாகத் தொடங்குபவர் க்ரீமில் தொடங்குவதுதான் நல்லது என்பது என் கட்சி. கை நடுங்கினாலும் எழுத்து நடுங்காது. அதனால் க்ரீம் வழியை விரிவாகச் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் கடைசியில் தொட்டுக்கொள்கிறேன்.

முதல் வேலை: பின்னால் என்ன வரப்போகிறது என்று பாருங்கள்

நான் சொதப்பியது இங்கேதான். முதல் கண்ணாடியில் எழுத்து அருமையாக வந்திருந்தது. ஃப்ரேமில் போட்டு மாட்டினேன். ஒன்றுமே தெரியவில்லை. படத்தைச் சுற்றி வைத்திருந்த மவுண்ட் போர்டு வெள்ளை!

பொறித்த இடம் உண்மையில் வெள்ளைச் சாயம் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி சொரசொரப்பாகி, வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கிறது. அந்தச் சிதறல்தான் நம் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகிறது. பின்னால் கறுப்போ, கரும்பச்சையோ, மெரூனோ இருந்தால் பளிச்சென்று எடுபடும். வெள்ளையோ சந்தன நிறமோ இருந்தால் கரைந்துபோகும். சந்தேகமாக இருந்தால் ஒரு கண்ணாடித் துண்டில் உப்புத்தாளை நாலு தேய் தேய்த்து, அதை வெள்ளைத்தாள் மேலும் கறுப்புத் துணி மேலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். அரை நிமிடத்தில் விஷயம் விளங்கிவிடும்.

ஆகவே மவுண்ட் போர்டை அடர்நிறத்தில் எடுங்கள். எழுத்து படத்தின் மேல் விழாமல் அந்த மவுண்டின் மேல் விழுமாறு அமையுங்கள். முகத்தின் மேல் பூவேலை வந்தால் படத்தில் இருப்பவருக்குக் கண்ணில் புரை விழுந்த மாதிரி இருக்கும். மவுண்டே இல்லாமல் படம் விளிம்பு வரைக்கும் போகிறது என்றால், படத்தில் இருட்டாக இருக்கும் மூலையைத் தேடிப் பிடியுங்கள்.

அளவை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். படம் 8க்கு 12 அங்குலம், கண்ணாடி 12க்கு 16 அங்குலம் என்றால் நாலு பக்கமும் 2 அங்குலம் மவுண்ட் தெரியும். அதில் கால் அங்குலம் வரை சட்டத்தின் உதட்டுக்குள் மறைந்துவிடும். மிச்சம் ஒன்றே முக்கால் அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 44 மில்லிமீட்டர். மேலும் கீழும் மூச்சு விட இடம் வேண்டாமா? எழுத்து வரியின் மொத்த உயரம் 25 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். மொத்த உயரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 'மணிவிழா' என்ற சொல்லையே எடுங்கள். ணியும் வியும் தலைக்கு மேலே வளைகின்றன, ழ கீழே வால் விடுகிறது. 'ம' எழுத்தை மட்டும் அளந்து ஆர்டர் கொடுத்தால் வால் சட்டத்துக்குள் போய்விடும்.

உள்பக்கமா, வெளிப்பக்கமா?

உள்பக்கம். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. நம் வீடுகளில் படம் என்றால் சும்மா மாட்டிவைப்பதில்லை. சந்தனம் வைப்போம், குங்குமம் வைப்போம், ஊதுபத்தி காட்டுவோம். சாதாரணக் கண்ணாடியில் குங்குமத்தைத் துடைத்தால் போய்விடும். பொறித்த இடத்தில் அது நுண்ணிய குழிகளுக்குள் உட்கார்ந்துகொண்டு இளஞ்சிவப்பாகக் கறை காட்டும். கை பட்டால் எண்ணெய்ப் பிசுக்கு பிடித்து அந்த இடம் மங்கும். உள்பக்கம் பொறித்தால் வெளியே வழவழப்பாகவே இருக்கும், எதை வைத்தாலும் துடைத்துக்கொள்ளலாம்.

உள்பக்கம் பொறிப்பதானால் எழுத்து இடவலம் மாறி, நிலைக்கண்ணாடியில் தெரிவதுபோல இருக்க வேண்டும். இதை மறந்து நேராகவே பொறித்துவிட்டால் தலையில் கை வைக்க வேண்டாம். கண்ணாடியை அப்படியே புரட்டி, பொறித்த பக்கம் வெளியே வருமாறு போட்டால் எழுத்து சரியாகத் தெரியும். குங்குமத்தை மட்டும் சட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்

ரெடிமேட் ஃப்ரேம்கள் பலவற்றில் இருப்பது கண்ணாடியே இல்லை, பிளாஸ்டிக் தகடு. க்ரீம் அதில் ஒன்றும் செய்யாது. விரல் நகத்தால் தட்டினால் கண்ணாடி கணீரென்று பேசும், பிளாஸ்டிக் பொத்தென்று முடித்துக்கொள்ளும். கன்னத்தில் வைத்தால் கண்ணாடி சில்லென்று இருக்கும். கண் கூசாமல் இருப்பதற்காக விற்கும் மங்கல் கண்ணாடியும் வேண்டாம். அது ஏற்கெனவே லேசாகச் சொரசொரப்பாக்கப்பட்டதுதான்.

ஃப்ரேம் கடைக்காரரிடமே 2 எம்.எம். சாதாரணக் கண்ணாடி வெட்டி வாங்கிக்கொள்ளலாம். சென்னையில் இருப்பவர்களுக்குப் பாரிமுனை தேவராஜ முதலி தெரு இருக்கிறது, கண்ணாடிக் கடைகளுக்குப் பேர்போனது. வாங்கும்போது வெட்டி ஒதுக்கிய துண்டுகள் நாலைந்தையும் கேட்டு வாங்குங்கள். பழக அவை வேண்டும். விளிம்பு கையை அறுக்கும் என்பதால், தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் ஓரங்களை மெல்லத் தேய்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எழுத்துக்கு ரேடியம் கடை

பைக் நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் வெட்டும் ரேடியம் கடைதான் நமக்கு அச்சகம். அங்கே இருக்கும் கட்டிங் மெஷின் எந்த எழுத்தையும் மயிரிழை பிசகாமல் வெட்டும். ஆனால் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் காசு வீண்.

முதலாவது, நமக்கு வேண்டியது எழுத்து இல்லை, எழுத்தைச் சுற்றியிருக்கும் ஸ்டிக்கர். கடைக்காரத் தம்பியின் கை பழக்கத்தில் சுற்றியிருப்பதை உரித்து எறிந்துவிட்டு எழுத்தைக் கொடுத்துவிடும். "எழுத்தை எடுத்துட்டா அப்புறம் எதண்ணா ஒட்டுவீங்க?" என்று என்னைக் கேட்டார் ஒரு தம்பி. எழுத்து இருக்கும் இடம் ஓட்டையாக இருக்க வேண்டும், அந்த ஓட்டை வழியாகத்தான் மருந்து கண்ணாடியைத் தொடும் என்று விளக்கினேன். உரிக்கும் வேலையை நீங்களே செய்வதாகச் சொல்லி, வெட்டியதை மட்டும் வாங்கி வந்துவிடுவது இன்னும் நிம்மதி.

இரண்டாவது, 'ரிவர்ஸ்' என்ற சொல். சிலர் அதை இடவலம் மாற்றுவது என்று புரிந்துகொள்கிறார்கள், சிலர் எழுத்தை ஓட்டையாக விடுவது என்று. சொல்லை நம்பாமல் ஒரு தாளில் எழுதி, அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிவிடுங்கள்.

மூன்றாவது, தமிழ் எழுத்து. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் யூனிகோட் தமிழை, பழைய மென்பொருள் வைத்திருக்கும் கடையில் அப்படியே எடுக்க முடியாது. பழைய எழுத்துருவில் மறுபடி தட்டுவார்கள். அங்கேதான் ஒற்று காணாமல் போகும், 'கொ'வின் கொம்பு இடம் மாறும். கட்டிங் கொடுக்கும் முன் திரையில் ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள், இடவலம் மாற்றுவதற்கு முன்பே படியுங்கள். மாற்றியபின் தமிழ் படிப்பது தனி வித்தை.

எழுத்துரு தடிமனாக இருக்கட்டும். மிக மெல்லிய இடமும் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் வேலை சுலபம். மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். ஸ்டிக்கர், ஒளி பிரதிபலிக்கும் தடித்த ரேடியமாக இல்லாமல் சாதாரண வினைல் ஷீட்டாக இருந்தால் கண்ணாடியோடு நன்றாகப் படியும்.

கடை எதுவும் பக்கத்தில் இல்லை என்றால், ஒட்டும் தாளைக் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் வரைந்து, கட்டர் பிளேடால் நீங்களே வெட்டலாம். ப, ட, ர போன்றவை தொல்லை தராது. க, த, ம, வ எழுத்துகளில் மூடிய வயிறு இருக்கிறது. வெட்டும்போது அந்த வயிற்றுத் துண்டும் சேர்ந்து வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் முயற்சிக்குச் சிக்குக்கோலம் வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு கண்ணியும் ஒரு தனித் தீவு. மாங்காய், தாமரை இதழ் மாதிரி சில கோடுகளில் முடிகிற வடிவம் போதும்.

க்ரீமைத் திறப்பதற்கு முன்

இந்த க்ரீம் விளையாட்டுப் பொருள் இல்லை. அதில் இருப்பது ஃப்ளோரைடு உப்புகள், பெரும்பாலும் அமோனியம் பைஃப்ளோரைடு. அதன் உறவுக்காரன்தான் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம். 1771ல் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே அதைத் தயாரித்தபோது, அவர் வைத்துச் சூடாக்கிய கண்ணாடிப் பாத்திரமே அரிபட்டது. எட்சிங் க்ரீம் பிளாஸ்டிக் டப்பாவில் வருவதற்கும் அதுதான் காரணம்.

மற்ற அமிலம் பட்டால் உடனே எரியும், கையை உதறுவோம். ஃப்ளோரைடு அப்படி இல்லை. சில சமயம் வலி மணிக்கணக்கில் தாமதமாக வரும், அதற்குள் அது தோலுக்குள் இறங்கி உடம்பின் கால்சியத்தோடு கைகலந்திருக்கும். அதனால் நைட்ரைல் கையுறை, கண்ணுக்கு மூடிய கண்ணாடி, முழுக்கைச் சட்டை. ஜன்னல் திறந்த இடம். குழந்தைகளும் பூனையும் வேறு அறையில். தோலில் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, வலி இல்லையே என்று உட்கார்ந்துவிடாமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ஃப்ளோரைடு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவுவதுதான் இதற்கான சிகிச்சை. கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட் போன்ற எதையும் இதன் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

க்ரீமுக்குப் பதில் நேரடியாக அந்த அமிலத்தையே வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். அது வீட்டில் வைக்கும் சாமான் இல்லை.

பொறிக்கும் நாள்

கண்ணாடியைப் பாத்திரம் துலக்கும் சோப்பில் கழுவி, காயவைத்து, கடைசியாகப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். அதற்குப் பிறகு விரல் படக் கூடாது. ஒரு கைரேகை இருந்தால் போதும், க்ரீம் அங்கே மட்டும் தயங்கும். எழுத்தின் நடுவில் உங்கள் கட்டைவிரல் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

ஸ்டிக்கரின் எழுத்துப் பகுதியை ஊசி அல்லது ட்வீசரால் கிள்ளி எடுங்கள். க, ம எழுத்துகளின் வயிற்றுத் துண்டை விட்டுவிடுங்கள். மேலே மாஸ்கிங் டேப்பை ஒட்டி, பின்தாளை உரித்து, முழுதாகத் தூக்கிக் கண்ணாடியில் வையுங்கள். செல்போனுக்கு ஸ்க்ரீன் கார்டு ஒட்டுவது போலத் தண்ணீர் தெளித்து ஒட்டாதீர்கள். ஓரத்தில் ஈரம் தங்கினால் க்ரீம் அதன் வழியே கசியும். பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து வெளியே தேய்த்து, மாஸ்கிங் டேப்பை மெல்ல எடுத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தின் ஓரத்தையும் நகத்தால் ஒருமுறை அழுத்துங்கள். எனக்கு இந்த நகவேலைதான் முக்கால் மணி நேரம் பிடித்தது. இதில் அவசரப்பட்டால் எழுத்துக்கு மீசை முளைக்கும், அழிக்க ரப்பர் கிடையாது. ஸ்டிக்கரைச் சுற்றி இரண்டு மூன்று அங்குலத்துக்கு டேப்போ பழைய ஸ்டிக்கரோ ஒட்டி மூடுங்கள், க்ரீம் வழிந்தாலும் அதன்மேலேயே நிற்கும்.

இனி க்ரீம். டப்பாவை நன்றாகக் கலக்குங்கள், அடியில் மணல் மாதிரி உப்பு தங்கியிருக்கும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இருப்பவர்கள் மூடிய டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைத்து எடுக்கலாம், குளிர்ந்த க்ரீம் சோம்பேறி. பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்து எழுத்தின் மேல் போடுங்கள். தோசை மாதிரி மெலிதாக இழுக்கக் கூடாது, ஊத்தப்பம் மாதிரி கனமாகக் கிடக்க வேண்டும். 2, 3 மில்லிமீட்டர் கனம் இருந்தால் கண்ணாடி அடியில் தெரியாது. பாதி நேரம் ஆனதும் அதையே மெதுவாக இப்படியும் அப்படியும் நகர்த்திவிடுங்கள். அடியில் மாட்டிய காற்றுக்குமிழ் இருந்தால் உடையும்.

எவ்வளவு நேரம்? டப்பாவில் போட்டிருக்கும் நேரம்தான். ஒரு நிமிடத்தில் வேலை முடிக்கும் வகையும் இருக்கிறது, 15 நிமிடம் கேட்கும் வகையும் இருக்கிறது. இதற்குத்தான் அந்தத் துண்டுக் கண்ணாடிகள். ஒன்றில் மூன்று பட்டை போட்டு மூன்று விதமான நேரம் வைத்துப் பாருங்கள். நேரம் கூடக் கூட ஆழமாகப் போகும் என்று நினைக்க வேண்டாம். க்ரீம் மேல்தோலை மட்டும்தான் மங்கலாக்கும்.

நேரம் முடிந்ததும் க்ரீமைப் பிளாஸ்டிக் அட்டையால் வழித்து டப்பாவிலேயே போட்டுக்கொள்ளலாம், பெரும்பாலான வகைகள் திரும்பவும் உதவும். மிச்சத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பீங்கான் வாஷ்பேசினில் கழுவ வேண்டாம், அதன் பளபளப்பும் கண்ணாடி ஜாதிதான். பிளாஸ்டிக் வாளியோ தொட்டியோ வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவி முடித்ததும் ஒரு திகில் காத்திருக்கிறது. எழுத்தையே காணோம்! ஈரக் கண்ணாடியில் குழிகளைத் தண்ணீர் நிரப்பிவிடுவதால் வெளிச்சம் சிதறாமல் நேராகப் போய்விடும். க்ரீம் போலி என்று முடிவுகட்டி ஸ்டிக்கரை உரித்துவிடாதீர்கள். துடைத்துக் காயவிடுங்கள், ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல வெண்மை ஏறிவரும். காய்ந்தபின் எங்காவது திட்டுத்திட்டாக இருந்தால், ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருக்கும்வரை இரண்டாவது தடவை க்ரீம் போடலாம். உரித்துவிட்டால் அதே இடத்தில் மறுபடி ஒட்டுவது நடக்காத காரியம். பெரிய பரப்பு முழுக்க ஒரே சீராக மங்குவது கடினம் என்பதால், எழுத்தைத் தெளிவாக விட்டுச் சுற்றிலும் மங்கலாக்கும் வடிவத்தைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள்.

கையால் கீறுவதென்றால்

க்ரீம் பிடிக்காதவர்களுக்கும், கோட்டில் தன் கையெழுத்து தெரிய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் சுழலும் ரோட்டரி டூல் இருக்கிறது. டிரெமெல் என்ற பெயரிலேயே பலர் கேட்டு வாங்குகிறார்கள். வைரத்தூள் பதித்த உருண்டை முனையைப் போட்டு, கண்ணாடிக்கு அடியில் மாதிரித்தாளை ஒட்டி, மேலே கீற வேண்டும். தலையை நேர் மேலே வைத்துப் பாருங்கள். சாய்ந்து பார்த்தால் கண்ணாடியின் கனத்தால் கோடு தள்ளித் தெரியும், எழுத்து இடம் மாறும். அழுத்தவே கூடாது, மெஷினின் எடையே போதும். ஒரே இழுப்பில் ஆழமாகப் போகாமல் மூன்று நான்கு முறை மேலோட்டமாகப் போங்கள். அடியில் மடித்த துண்டு விரியுங்கள். ஈர ஸ்பாஞ்சால் அவ்வப்போது தொட்டுக்கொண்டே இருந்தால் சூடும் ஏறாது, தூளும் பறக்காது. அந்தத் தூள் கண்ணாடித் தூள், எனவே என்95 முகக்கவசமும் கண் கவசமும் கட்டாயம். மின்சாரக் கருவி என்பதால் தண்ணீர் ஸ்பாஞ்ச் அளவோடு நிற்கட்டும், குளிப்பாட்ட வேண்டாம். முதல் நாள் வட்டம் வராது. தமிழ் எழுத்தில் பாதி வட்டம் என்பதால் 'ட'விலும் 'ப'விலும் பழகிவிட்டு 'ஞ'வுக்கு வாருங்கள்.

சேண்ட் பிளாஸ்டிங்கைக் கடையில் விட்டுவிடுங்கள். 1870ல் அமெரிக்காவில் பெஞ்சமின் சியூ டில்மன் காப்புரிமை வாங்கிய முறை அது. வாசல் கதவுக் கண்ணாடியில் பிள்ளையார், மயில் எல்லாம் வருவது அதில்தான். கம்ப்ரஸரும் மூடிய அறையும் இல்லாமல் வீட்டு மாடியில் மணலை அடித்தால், மணல்தூள் நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் என்ற நோய் வரலாம். கடையில் கொடுப்பதானால் 4 அல்லது 5 எம்.எம். கண்ணாடியாகக் கொடுங்கள், அதற்கேற்ற ஆழமான சட்டமும் வேண்டும்.

திரும்ப ஃப்ரேமுக்குள்

ஸ்டிக்கரை உரித்துப் பசையை ஸ்பிரிட்டால் துடைத்தபின், கண்ணாடியை ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் படத்தில் பூஞ்சை பிடிக்கும். பொறித்த பக்கம் உள்ளே போக வேண்டும், பொறித்த இடத்தைக் கையால் தொட வேண்டாம். மவுண்ட் போர்டு, படம், ஹார்ட்போர்டு என்று வரிசையாக வைத்துச் சின்ன ஆணிகளை அடிக்கும்போது கண்ணாடி மேல் சுத்தியல் படாமல் இருக்க, இடையில் ஒரு அட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். எங்கள் ஃப்ரேம் கடைக்காரர் இதற்கென்றே ஒரு கல்யாணப் பத்திரிகையை எப்போதும் மேசையில் வைத்திருக்கிறார்.

மாட்டும் இடமும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. நேர் எதிரே ஜன்னல் இருந்தால் கண்ணாடியில் ஜன்னல்தான் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ மேலிருந்தோ விழும் சுவரில் எழுத்து தானாக எழுந்து நிற்கும். அத்தை வீட்டில் கூடத்து டியூப்லைட்டுக்குக் கீழே, சற்று இடப்பக்கமாக மாட்டியிருக்கிறோம். பகலில் 'மணிவிழா' லேசாகத்தான் தெரிகிறது, சாயங்காலம் லைட்டைப் போட்டதும் பளிச்சென்று வந்துவிடுகிறது. மாமா இப்போதெல்லாம் யாராவது வந்தால் பகலிலேயே லைட்டைப் போடுகிறார்.